சேவல் மார்க் கொலு

1972ஆம் ஆண்டு, அக்டோபர் மாதம் ஐந்தாம் நாள், வியாழக்கிழமை. வானம் விடியற்காலையிலிருந்தே மூடிக் கிடந்தது. ஆயினும் மழை பெய்யவில்லை. அடையாற்றுக் கடற்காற்று அன்று விடுப்பு எடுத்துக்கொண்டது போலும். புழுக்கம் சட்டைக்குள் புகுந்து முதுகைப் பற்றிக்கொண்டிருந்த அந்தப் பிற்பகலில், சூளையிலிருந்து வெளிவந்த தட்டைக் கண்ட பத்ரிநாராயணன் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் அணிந்துகொண்டான். கண்ணாடியின்மேல் குற்றமில்லை. தட்டில் நின்ற பத்துத் தெய்வங்களும் உண்மையாகவே நீல நிறமாகத்தான் இருந்தன.

"இன்னா சார் இது? பாம்பு கடிச்ச மாரி கீது எல்லாம்!" என்றான் ஷரீஃப். சூளையில் தட்டுகளை ஏற்றி இறக்குபவன் அவன்; மாலையானால் சரக்குப் பெட்டிகளை மூன்று சக்கர மிதிவண்டியில் ஏற்றிக் கடைகளுக்குக் கொண்டு சேர்ப்பவனும் அவனே.

"ரோஸ் மைதானேடா தடவினேன்?"

"என்னைக் கேட்டா? நானா பூசுனேன்?"

சூளைக்குள் போகும் மைக்கு ஒரு நிறம், வெந்து வரும் மைக்கு வேறொரு நிறம் என்னும் உண்மையைப் பத்ரிநாராயணன் அறியாதவன் அல்லன். ஆனால் ஆறு ஆண்டுகளாக அவன் கையாண்டவை இரண்டே மைகள். அலமாரியின் மூலையில் தூசி படிந்து கிடந்த ரோஸ் மையைக் கண்டதும், அது மனித மேனியின் நிறமாகவே வெந்து வரும் என்று ஆசை அவனை நம்பவைத்துவிட்டது. ஆசைப்பட்டவன் அறிவை அடகு வைப்பது உலக இயல்பு.

ஒரு நொடி திகைத்தான். மறு நொடி தெளிந்தான். நீல நிறத் தெய்வங்களுக்கு நம் மரபில் பஞ்சமா என்ன? "ஷரீஃபு, இதெல்லாம் தசாவதாரம்" என்றான்.

"அல்லா! பத்தும் ஒரே மூஞ்சியா கீதே?"

"பத்தும் ஒரே பெருமாள்தானேடா."

அந்தப் பதிலில் அவனுக்கே ஒரு பெருமிதம் உண்டாயிற்று.

அடையாற்றில், பெரிய சாலையிலிருந்து சற்று உள்வாங்கி, தகரக் கூரையின் கீழ் இயங்கிய அந்தச் சிறு தொழிற்சாலை 'சேவல் மார்க்' ஸ்பார்க் பிளக்குகளைச் செய்து விற்றது. மோட்டார் வண்டியின் இயந்திரத்தில் தீப்பொறி எழுப்பும் அச்சிறு கருவியின் நடுவே வெள்ளைப் பீங்கானாலான ஓர் உடல் உண்டு. அவ்வுடலின்மேல் சிவப்புச் சேவல் ஒன்றையும் பச்சை வளையங்கள் இரண்டையும் அச்சிடுவதே பத்ரிநாராயணனின் பணி. ரப்பர் முத்திரையில் மையைத் தடவி, பீங்கானை அதன்மேல் ஒரே சீராக உருட்டியெடுக்க வேண்டும், பிறகு சூளை. நெருப்பில் வெந்துவிட்டால் அந்தச் சேவலை எண்ணெயும் அழிக்காது, பெட்ரோலும் அழிக்காது. நகரத்தின் எத்தனையோ டாக்ஸிகளின் வயிற்றுக்குள் அவன் அச்சிட்ட சேவல்கள் கூவாமல் உட்கார்ந்திருந்தன.

அவ்வாறே அவன் நெஞ்சுக்குள்ளும் ஒன்று, மூன்று ஆண்டுகளாகக் கூவாமல் உட்கார்ந்திருந்தது. அதன் பெயர் சூடாமணி.

சூடாமணி தியாகராய நகரில் ஒரு பெண்கள் பள்ளியில் பாட்டு டீச்சர். மயிலாப்பூரில் பத்ரிநாராயணன் குடியிருந்த தெருவுக்கு அடுத்த தெருவில் தகப்பனாரோடு வசித்தாள். காலைதோறும் இருவரும் லஸ் முனையில் பஸ்ஸுக்கு நிற்பார்கள். அவளுக்குத் தியாகராய நகர் பஸ், இவனுக்கு அடையாறு பஸ். இடது கன்னத்தில் ஒரு மச்சம். கையில் ஒரு குடை. வெயிலானாலும் மழையானாலும் அது விரிந்ததில்லை. பஸ் வரும்வரை உதடு அசையாமல் எதையோ பாடிக்கொண்டிருப்பாள் என்பது அவள் விரல்கள் குடையின் கைப்பிடியில் போடும் தாளத்திலிருந்து தெரியும். அது என்ன பாட்டு என்று அறிய அவனுக்கு மூன்று ஆண்டுகளாக ஆவல்.

அம்மூன்று ஆண்டுகளில் அவர்கள் ஒரே ஒரு முறைதான் உரையாடினார்கள்.

"தி.நகர் பஸ் போயிடுத்தா?"

"போயிடுத்து."

அவ்வளவே. அன்றிலிருந்து சாதம் வடிக்கும்போதும், சட்டைக்குப் பொத்தான் தைக்கும்போதும், அந்தக் கேள்விக்குத் தான் கூறியிருக்கக்கூடிய மேலான பதில்களை அவன் ஆக்கிக்கொண்டேயிருந்தான். பதில்கள் நாளுக்கு நாள் நயம் பெற்றன. கேள்விதான் மறுபடி வரவில்லை. பெண் கேட்டுப் போவதற்கு அவனுக்குத் தாயுமில்லை, தந்தையுமில்லை. ஒரே தமக்கை நாகபுரியில் இருந்தாள். முப்பத்தாறு வயதானவன் தானே போய்த் தனக்குப் பெண் கேட்பது என்பது அந்நாளைய மயிலாப்பூரில் தன் காதைத் தானே குத்திக்கொள்வதைப் போன்றதாகும்.

இந்நிலையில்தான் நவராத்திரி நெருங்கியது. அவனுக்கு ஒரு வழியும் தோன்றியது. கொலு வைத்த வீட்டுக்குள் அந்த ஒன்பது நாள் மாலைகளிலும் எந்தப் பெண்ணும் தயக்கமின்றி நுழையலாம், பொம்மைகளைப் பார்க்கலாம், ஒரு பாட்டுப் பாடலாம், மஞ்சள் குங்குமமும் சுண்டலும் பெற்றுப் போகலாம். ஊர் வாய் திறவாது. ஆண்டு முழுவதும் மூடிக் கிடக்கும் கதவு அது. ஒன்பதே நாள் திறக்கிறது. அவள் ஒருநாள், ஒரே ஒரு நாள், தன் வீட்டுக்குள் வந்து ஒரு பாட்டுப் பாடிவிட்டால் போதும் என்று அவன் ஏங்கினான். அதற்கு மேல் எதையும் விரும்பும் துணிவு அவனிடம் இல்லை.

வீட்டுக்காரி பேச்சியம்மாளிடம் பேச்சைத் தொடங்கினான். பாண்டி பஜாரில் ஜவுளிக் கடை வைத்திருந்த திருநெல்வேலிக் குடும்பம் அவர்களுடையது. முன்பகுதியில் அவர்கள், பின்பகுதியில் இவன்.

"கொலுவா? ஒத்தக் கட்டைக்கா?" என்று இடுப்பில் கையை ஊன்றினாள் பேச்சியம்மாள்.

"எங்காத்துல அம்மா இருந்தப்போ வருஷா வருஷம் வெப்பாம்மா."

"பொம்மை ஒண்ணாச்சும் கொண்டாந்தீரா சாமி நீரு? ஒரு பெட்டி, ஒரு கூஜா, அதோடதான குடி வந்தீரு? சரி, யாரு வரணும்னு இந்தப் பாடு?"

"யாரும் இல்லம்மா. பொதுவா… பாடத் தெரிஞ்சவா யாராவது வந்தா நன்னாயிருக்கும்னு…"

"அடுத்த தெருவுல ஒரு பாட்டு டீச்சர் இருக்காவ."

"ஓ! அப்படியா?" என்றான் பத்ரிநாராயணன், அச்செய்தியை அப்போதுதான் கேள்விப்படுபவனைப் போல. காதுகள் மட்டும் சேவற்கொண்டையாய்ச் சிவந்து அவனைக் காட்டிக்கொடுத்தன.

பேச்சியம்மாள் அந்தக் காதுகளைச் சிறிது நேரம் பார்த்தாள். "சுண்டல நான் அவிக்கேன். அழைக்கவும் நானே போறேன். ஆனா ஒத்த ஆம்பள வீட்டுக் கொலுன்னு சொன்னா ஒருத்தி படியேற மாட்டா. எங்க வீட்டுக் கொலுன்னுதான் சொல்லுவேன். உம்ம பேரு வெளிய வராது. சம்மதமா?"

சம்மதித்தான். அவள் வந்தால் போதும்; பெயரா பாடப் போகிறது?

பொம்மைகளுக்கு வருவோம். மாட வீதியில் விற்கும் மண் பொம்மைகளை வாங்கி அடுக்கினால் அது நூறு கொலுவோடு நூற்றொன்றாகிவிடும். வேறெங்கும் காணாத கொலுவானால்தான் பேச்சுப் பரவும். அடுத்த தெருவரை பரவும். எனவே, கீறல் விழுந்ததால் கழிக்கப்பட்ட பிளக்குப் பீங்கான்களை எடுத்துத் தலைகீழாக நிறுத்தினான். என்ன விந்தை! ஒடுங்கிய நுனி கிரீடமாயிற்று. பருத்த நடுப்பகுதி மார்பாயிற்று. அடியில் இருந்த வரிகள் பஞ்சகச்சத்தின் கொசுவங்களாயின. கண், மூக்கு, திருநாமம் ஆகியவற்றை ரப்பரில் செதுக்கி உருட்டினான். முகம் வரைய அவன் யாரையும் முன்மாதிரியாகக் கொள்ளவில்லை என்றே எண்ணியிருந்தான். ஆயினும் மச்சம், கூர்மம், நரசிம்மம் உட்பட அனைத்துக்கும் இடது கன்னத்தில் தானாகவே ஒரு கரும்புள்ளி விழுந்தது.

அனுமார் ஒருவரையும் செய்தான். வால் வரைந்த மை சூளைக்குள் உருகி முன்புறமாக வழிந்து, தும்பிக்கையாய் உறைந்துவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையைக் கேட்டிருக்கிறோம். குரங்கு பிடிக்கப் பிள்ளையாரானது அந்தத் தொழிற்சாலையில்தான்.

வெள்ளிக்கிழமை தசாவதாரத்தை வைக்கோல் பரப்பிய கம்பெனிப் பெட்டி ஒன்றில் அடுக்கி, மேசையோரம் வைத்துவிட்டுக் கை கழுவப் போனான். திரும்பி வந்தபோது பெட்டியும் இல்லை, ஷரீஃபும் இல்லை. லஸ் முனையில், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, மோட்டார் உதிரிப் பொருள் விற்கும் சேட்டு கடைக்கு அன்று ஒரு பெட்டி சேவல் மார்க் போகவேண்டியிருந்தது. சேவல்கள் மேசைக்கு அடியில் பத்திரமாக இருந்தன.

மறுநாள் காலை மேனேஜர் அய்யாதுரை ஆளனுப்பினார்.

"யோவ் பத்ரி, இங்க வா. சேட்டு கடையிலருந்து ஃபோனு. பிளக் கேட்டா பெருமாளை அனுப்பியிருக்கோமாமே?"

பத்ரிநாராயணன் அவசரமாக யோசித்தான். உண்மையைச் சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று கேட்டால் யாருக்காக என்பதையும் சொல்ல நேரும். வேலை போனாலும் போகட்டும், அந்தப் பெயர் இந்தத் தகரக் கூரையின் கீழ் ஒலிக்கக் கூடாது. அவன் கண்கள் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் அபயம் தேடின.

"ஆயுத பூஜை ஸ்பெஷல், சார்."

"என்னது?"

"மெக்கானிக் ஷாப்புல எல்லாம்… பிளக்கையே சாமியா வெச்சுக் கும்பிடலாமேன்னு…"

அய்யாதுரை நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். பிறகு, "கன்னத்துல என்னமோ புள்ளியாமே, எல்லாத்துக்கும்?" என்றார்.

"திருஷ்டிப் பொட்டு, சார்."

"சாமிக்கே திருஷ்டியா?" என்று வியந்தவர், சட்டென்று மேசையைத் தட்டினார். "அற்புதமான யோசனைய்யா! ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லலை? சேட்டு கண்ணாடிப் பெட்டியில எடுத்து வெச்ச உடனே பத்தையும் ஒரு பார்ட்டி அள்ளிக்கிட்டுப் போயிடுச்சாம். இன்னும் வேணுமாம். இனிமே நேரா வீட்டுக்கே கொண்டாரணுமாம். மயிலாப்பூர்ப் பார்ட்டி."

"யாரு சார்?"

"நாலஞ்சு டாக்ஸி ஓட்டுற முதலாளியாத்தான் இருக்கணும். பின்ன பிளக் சாமியை வேற எவன்யா வாங்குவான்? வீடு ஷரீஃபுக்குச் சேட்டு காட்டிடுவார். பகல்ல நம்ம சேவல் நிக்கக் கூடாது. சாயங்காலம் இருந்து சாமி வேலையைப் பாரு. நவராத்திரி முடியறவரைக்கும்."

"சாயங்காலமா, சார்?"

"ஏன், ஒத்தை ஆளுக்குச் சாயங்காலத்துல வீட்ல என்ன வேலை?"

இந்த வினாவுக்கு விடை இருந்தது. விடையைச் சொல்லத்தான் வழியில்லை.

இவ்வாறாக, எந்த மாலைகளுக்காக அவன் கொலு வைத்தானோ அந்த மாலைகளிலெல்லாம் அவன் தொழிற்சாலையில் அகப்பட்டுக்கொண்டான். முதல் நாள் இலக்குமி, சரஸ்வதி, துர்க்கை கேட்டார்கள். அடுத்த நாள் ராமர் பட்டாபிஷேகம். அதற்கடுத்து, தட்டு நிறைய பழக்கடைச் செட்டியாரும் செட்டிச்சியும். மாலையில் அச்சிட்டு வைத்தவை மறுநாள் வெந்து ஆறும். ஷரீஃப் கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, புதிய ஆர்டரோடு திரும்புவான்.

"சார், அந்தப் பார்ட்டி இன்னா கேக்குதுன்னா…"

"என்ன பொம்மை வேணும்? அதை மட்டும் சொல்லு."

"கிருஷ்ணரு. ஆனா சார், அது என்னாண்ட…"

"போதும்! அந்த மனுஷன் பேச்சை எங்கிட்ட எடுக்காதேன்னு சொல்லியிருக்கேனா இல்லியா?"

"எனுக்கு இன்னா சார் வந்துச்சு?" என்று ஷரீஃப் தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விடுவான். பார்த்தறியாத அந்த டாக்ஸி முதலாளிக்குப் பத்ரிநாராயணன் மனத்துக்குள் ஓர் உருவம் கொடுத்திருந்தான்: தொந்தி, தங்கப் பல், விரல்தோறும் மோதிரம். அந்த உருவத்தை அவன் நாள்தோறும் சபித்தான்.

வீட்டிலோ கொலு பெருவெற்றி அடைந்தது. தசாவதாரம் கைவிட்டுப் போனபடியால், கழிந்தவற்றில் கழிந்தவையும் தும்பிக்கை முளைத்த அனுமாருமே படிகளை அலங்கரித்தனர். ஆயினும் வந்த பெண்கள் வியந்தார்கள்.

"மந்தவெளியிலருந்தெல்லாம் வாராவ சாமி!" என்று, களைத்து வந்து நின்றவனிடம் பூரித்தாள் பேச்சியம்மாள். "அந்த அனுமாருகிட்ட ஒரு பொம்பள கும்பிட்டு நின்னு அழுதா!"

"பாட்டு… யாராவது பாடினாளா?"

"பாடினாவளே. ரெண்டு பேரு."

"அடுத்த தெரு…?"

"அது வரலியே. நேர்ல போயி அழைச்சேன். 'மன்னிச்சுக்கோங்கோ மாமி, சாயங்காலம் ஆத்துக்கு ஒருத்தர் வரணும், அதான் நகர முடியலை'ங்கா."

அன்றிரவு அவனுக்குச் சாதம் இறங்கவில்லை. மறுநாள் மீண்டும் அழைக்குமாறு வேண்டினான். பேச்சியம்மாள் போனாள்; அதே பதிலோடு வந்தாள். மூன்றாம் முறையும் வேண்டினான்.

"எனக்குக் காலு இருக்கா, சக்கரம் இருக்கா?" என்று முணுமுணுத்தபடியே போன பேச்சியம்மாள், இம்முறை கூடுதல் செய்தியோடு திரும்பினாள். "அது பட்டுச் சேல கட்டிக்கிட்டு வாசலப் பாத்தே உக்காந்திருக்கு சாமி. ஒரு கிண்ணத்துல சுண்டலத் தனியா மூடி வேற வச்சிருக்கு. யாருக்குன்னு கேட்டேன். சிரிக்கா."

பத்ரிநாராயணன் மனத்துக்குள் கணக்குப் போட்டான். பட்டுச் சேலை, வாசலில் பார்வை, மூடிய கிண்ணம், சிரிப்பு. ஐயமே இல்லை. பிள்ளை வீட்டார் வரப்போகிறார்கள்.

இனி ஒரே வழி. டாக்ஸி முதலாளியைச் சலிப்படையச் செய்து அந்த ஆர்டரை ஒழித்துக்கட்ட வேண்டும். ஒரு மாலையாவது நேரத்தோடு வீடு திரும்ப வேண்டும். அவள் ஒருவேளை ஒரு கணம் எட்டிப்பார்த்தாலும் பார்க்கலாம். சிவப்பு மை தீர்ந்துவிட்டது என்று மேனேஜரிடம் பொய் சொன்னான். அவர் மை விற்கும் கடைக்குத் தாமே போய் இரண்டு டப்பா வாங்கி வந்து, "உன் உற்சாகத்தைப் பார்த்து எனக்கே உற்சாகம் வந்துடுச்சுய்யா" என்று முதுகில் தட்டினார். மாலை வேலை இன்னும் ஒரு மணி நேரம் நீண்டது.

அன்று வந்த ஆர்டர் கல்யாண செட். மணப்பெண், மாப்பிள்ளை, நாதஸ்வரம், தவில், பந்தி. இதுதான் தக்க தருணம் என்று எண்ணி, மாப்பிள்ளையை வேண்டுமென்றே அலங்கோலமாக ஆக்கினான்: ஒன்றரைக் கண், ஒரு பக்கம் மட்டும் மீசை, காதுக்கு ஏறிய வாய். இதைப் பார்த்தபின் அந்த முதலாளி இனி சேவல் மார்க் இருக்கும் திசைக்கே வரமாட்டார்.

மறுநாள் ஷரீஃப் மாப்பிள்ளையை மட்டும் திருப்பிக் கொண்டுவந்தான்.

"எல்லாம் சூப்பரா கீதாம் சார். மாப்ள மட்டும் வேற வேணுமாம்."

பத்ரிநாராயணன் பல்லைக் கடித்தான். சரி, நன்றாகவே செய்து தொலைத்துவிடுவோம். சுருள் முடி, அரும்பு மீசை, உதட்டில் குறுநகை என்று ஓர் அழகனைப் படைத்து அனுப்பினான். அவனும் திரும்பி வந்தான்.

"ரொம்ப மினுக்கா கீறானாம். வாணாமாம்."

தலைப்பாகையும் வாளும் கொடுத்து ஒரு ராஜகுமாரனை அனுப்பினான்.

"கத்தி வெச்ச மாப்ள இன்னாத்துக்குன்னு கேக்குது. சாதாரணமா, வேலைக்குப் போற ஆளாட்டம் வேணுமாம். இன்னொண்ணும் சொல்லிச்சு சார்…"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்! வேலைக்குப் போற ஆளாம்! பொண்ணைக் கட்டிக் குடுக்கப் போறவனாட்டம் என்ன ஒரு ஆராய்ச்சி!"

ஆயுத பூஜை வந்தது. முத்திரைகளுக்கும் உருளைகளுக்கும் சந்தனம் இட்டுப் பூச்சூட்டினார்கள். பூஜை ஆனபின் விஜயதசமி காலைவரை கருவிகளைத் தொடக் கூடாது. ஆகையால் அன்று மாலை அவன் வீட்டுக்கு விரைந்தான். விதியின் குறும்பு பாரீர்: அன்று சரஸ்வதி பூஜையை முன்னிட்டு வந்திருந்த பெண்கள் கூட்டம் வாசல்வரை நெருக்கியது. ஆண் என்று ஒருவன் உள்ளே நுழைய இடமில்லை. தெருவிளக்கின் கீழ் நின்று வருபவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். கடைசிப் பெண்ணும் போய்ச் சேர்ந்தாள். அடுத்த தெருப் பக்கமிருந்து எவரும் வரவில்லை. அந்தத் தெருவின் முனைவரை நடந்தான். திரும்புவதற்குத் துணிவு பிறக்கவில்லை. யாரோ ஒரு வீட்டில் மெல்லிய குரலில் பாடிக்கொண்டிருந்தார்கள். அவளா, வேறு யாராவதா என்று தெரியவில்லை. பாட்டு முடியும்வரை நின்றுவிட்டுத் திரும்பினான்.

விஜயதசமி, செவ்வாய்க்கிழமை. காலையில் கற்பூரம் காட்டிச் சூளையை மூட்டினார்கள். முதல் தட்டில் வழக்கமாகச் சேவல்தான் ஏறும். அன்று மாப்பிள்ளை ஏறினான்.

அந்த மாப்பிள்ளையை வரைந்தபோது பத்ரிநாராயணனுக்குக் கோபம் வற்றிப்போயிருந்தது. யாரோ ஒருவர் வீட்டு மாப்பிள்ளை. யாரோ ஒருத்தி அவனைப் பார்த்துச் சிரிக்கப் போகிறாள். அவனாவது ஒழுங்காகப் போய்ச் சேரட்டும் என்று, வெள்ளைச் சட்டையும் வேட்டியும் இட்டு, கையில் ஒரு டிபன் டப்பாவும் கொடுத்தான். கண்களில் சிறிது பயத்தையும் வைத்தான். பயமில்லாத மாப்பிள்ளை உண்டா? இதுவரை அவன் செய்தவற்றுள் அதுவே சிறந்தது என்று அவனுக்கே தோன்றியது. பிற்பகலில் அது வெந்து ஆறியதும், வைக்கோலில் பொதிந்து ஷரீஃபின் கையில் கொடுத்தான்.

"பத்திரமாக் கொண்டு போ. இதுதான் கடைசி."

மாலையில் வீட்டுக்கு வந்து, குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, கொலுப் படிகளின் முன் உட்கார்ந்தான். கடைசி மாலை அது. அன்று வருபவர்கள் சிலரே. பேச்சியம்மாள் சுண்டல் பாத்திரத்தின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவன் நிமிர்ந்தான். சத்தம் கடந்து போகும்போதெல்லாம் குனிந்தான்.

"படுக்க வச்சிரும் சாமி" என்றாள் பேச்சியம்மாள், முன்னெப்போதும் இல்லாத மென்மையோடு. "இனி யாரும் வர மாட்டாவ."

விஜயதசமி மாலை ஒரு பொம்மையையாவது படுக்க வைத்துவிட்டால் கொலு முடிந்தது என்பது வழக்கம். பிறகு அடுத்த ஆண்டுதான். அடுத்த ஆண்டு அவள் எந்த ஊரில், எவர் வீட்டுக் கொலுவில் பாடிக்கொண்டிருப்பாளோ! பத்ரிநாராயணன் தும்பிக்கை அனுமாரை எடுத்தான். சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தான். பிறகு குழந்தையைக் கிடத்துவது போல மெல்லப் படுக்க வைத்தான்.

வாசலில் மூன்று சக்கர வண்டியின் மணி கிணுகிணுத்தது. வைக்கோல் பொதி ஒன்றோடு ஷரீஃப் உள்ளே வந்தான்.

பொதியைக் கண்டதும் பத்ரிநாராயணனுக்குப் பத்து நாள் பொறுமையும் ஒருங்கே அறுந்தது. "இவனையும் திருப்பி அனுப்பிச்சாச்சா? இவனுக்கு என்னடா குறைச்சல்? போ! போய்ச் சொல்லு அந்த டாக்ஸி முதலாளிகிட்ட, இனிமே இந்த ஜன்மத்துல எங்கிட்டேருந்து ஒரு மாப்பிள்ளை கிடைக்க மாட்டான்னு!"

"டாக்ஸி முதலாளியா? அது யாரு சார்?" ஷரீஃப் விழித்தான். "நானும் தெனம் சொல்ல வாயத் தொறக்குறேன், நீ எங்க வுட்ட? அது அடுத்த தெரு பாட்டு டீச்சரம்மா சார். இந்த மாப்ள பொம்மை எதுவுமே வாணாமாம், இத்தச் செய்யறவரு ஒரு நாளாச்சும் கொண்டாந்து குடுப்பாருன்னு தெனம் வாசல்ல குந்திக்கினு கீது. தன் கன்னத்து மச்சத்தை அத்தினி சாமிக்கும் வெச்சவரையே இட்டாரச் சொல்லிச்சு."

அப்போது மணி, மாலை ஏழு நாற்பத்திரண்டு.